பதினைந்தரை மணி நேரமாம்!

1

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை ஷமீமாவின் முதல் திருமண நாள். வாழ்த்துச் சொல்லலாம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் இப்போது மணி என்ன என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு வருடமாக எண்ணுகிறேன், இன்னும் மனக்கணக்கு வரவில்லை. கோடையில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பன்னிரண்டரை. வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் தேசத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வான்?

சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் என் மகள் ஆயிஷா மடிக்கணினியில் எதையோ தட்டினாள். அவளுக்குப் பதினான்கு வயது. நான் என் தகப்பனாரை அத்தா என்று கூப்பிட்டவன். அவள் என்னை டாட் என்கிறாள்.

"டாட், கால்கரி டு கோயம்புத்தூர் ஒன்லி ஃபிஃப்டீன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ். அப்புறம் ஏன் நீங்க ஆன்ட்டி வெட்டிங்குக்கு லேட்டாப் போனீங்க?"

திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் வில்லைப் போல் ஒரு கோடு. ஏறத்தாழ பதிமூவாயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினைந்தரை மணி. பக்கத்தில் ஒரு குட்டி விமானப் படம் வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இந்தப் பதினைந்தரை மணி நேரத்தில் கால்கரியிலிருந்து கோயம்புத்தூர் போய் இறங்கிய மனிதப்பிறவி ஒருத்தர் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், நேரில் வந்து கையைக் குலுக்குகிறேன். அப்படி ஒரு விமானமே கிடையாது. இல்லாத விமானத்துக்கு நேரம் போட்டு உலகத்துக்கே காட்டுகிறார்கள். அதை நம்பி ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அந்தக் கதையை மகளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

அத்தா ஊட்டி மார்க்கெட்டில் கம்பளிக் கடை வைத்திருந்தார். விமானங்கள் நின்றுபோயிருந்த அந்தக் கொள்ளைநோய் நாட்களில் மௌத்தாகிப் போனார். எங்கள் வழக்கத்தில் ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலை, காக்க வைக்கமாட்டார்கள். காலையில் போனவரை அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் அடக்கிவிட்டார்கள். நான் இங்கே சமையலறையில் நின்று போன் திரையில் ஆட்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு ஷமீமா பேசினாள். அழுகைக்கு நடுவில், "என் நிக்காஹ்வுக்காச்சும் வருவீங்களாண்ணே?" என்று கேட்டாள். அத்தா இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் வலி, அதாவது பொறுப்பாளர். மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து பெண்ணைக் கொடுக்க வேண்டியவன். "நானே உட்கார்ந்து கொடுப்பேன்" என்றேன். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. நகை கேட்கவில்லை, கனடா சாக்லேட்கூடக் கேட்கவில்லை.

மேட்டுப்பாளையத்து மாப்பிள்ளை அமைந்ததும் அத்தாவின் தம்பி, எங்கள் சாச்சா, எனக்கு அழைத்தார். இப்போது கடையைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

"காசிம், முடிச்சாச்சுப்பா. அடுத்த மாசம் மூணாவது ஞாயித்துக்கெழமை. பதினொண்ணரைக்கு நிக்காஹ். மண்டபம் அன்னிக்கு ஒரு நாள்தான் காலியா இருந்துச்சு."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாச்சா. வெள்ளிக்கெழமை சாயங்காலத்துக்கு முன்னாடி எனக்கு லீவு கெடைக்காதே."

"அதெல்லாம் பாத்துட்டேன். போன்ல போட்டா வருதே. பதினஞ்சரை மணி நேரம். வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறினா சனிக்கெழமை காலையில ஒம்பதரைக்கு கோயமுத்தூரு. மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கு வந்துருவே. ஒரு நாளு மிச்சம்!"

இதில் சாச்சாவைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. எங்கள் மலையில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. கூடலூர் எவ்வளவு தூரம் என்றால் இரண்டு மணி நேரம். கோத்தகிரி ஒரு மணி நேரம். மேடு, வளைவு, பனிமூட்டம், முன்னால் முக்கிக்கொண்டு போகும் லாரி எல்லாம் அந்த மணிக்குள் அடக்கம். ஆகவே பதினைந்தரை மணி என்று பார்த்ததும் சாச்சா அதையும் கூடலூர் கணக்காகவே எடுத்துக்கொண்டார். என் வீட்டு வாசலில் ஏறி அவர் கடை வாசலில் இறங்குவதுவரை பதினைந்தரை.

"சாச்சா, நேரா வர்றதுக்கு அது என்ன குன்னூர் பஸ்ஸா? ஃபிராங்க்ஃபர்ட்ல எறங்கணும், சென்னையில எறங்கணும், அப்புறந்தான் கோயமுத்தூர்."

"நடுவுல எதுக்கு எறக்கி உடறாங்க? டீ குடிக்கவா?"

"வேற வேற விமானம் சாச்சா. அதோட நேர வித்தியாசம் இருக்கு. நான் வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஏறும்போது உங்களுக்கு சனிக்கெழமை விடிஞ்சிரும்."

மறுமுனையில் சாச்சா முணுமுணுத்து எண்ணினார். பிறகு, "அழைப்பு அடிச்சாச்சுப்பா" என்றார். ஊரில் இந்த வாக்கியத்துக்கு மேல் அப்பீல் கிடையாது.

பயணச்சீட்டுகளைத் துழாவிப் பார்த்தேன். கோயம்புத்தூரில் ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு இறங்கும் ஒரு வழி இருந்தது. அங்கிருந்து ஊட்டி எண்பத்தாறு கிலோமீட்டர். நான் இங்கே சனிக்கிழமைகளில் எட்மன்டனுக்கு முந்நூறு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் ஓட்டிப் போகிறவன். எண்பத்தாறுக்கு என்ன, இரண்டரை மணி நேரம். பத்தரைக்கு வீடு, குளித்து உடைமாற்ற ஒரு மணி நேரம். தாராளம் என்று நினைத்தேன்.

ஆகாயத்தின் கணக்கை சாச்சா தப்பாகப் போட்டார் என்று ஒரு மாதம் வீட்டில் கேலி செய்துகொண்டிருந்தேன். மலையில் பிறந்து வளர்ந்த நான் மலையின் கணக்கை அதைவிட மோசமாகப் போட்டிருக்கிறேன் என்பது உறைக்கவே இல்லை. மே மாதம் என்பதையே மறந்துபோனேன். ஊட்டிக்காரன் ஒருவன் சீசனை மறப்பதற்கு எந்த மன்னிப்பும் கிடையாது.

3

லீவு வாங்கியதைச் சொல்லியாக வேண்டும். பால் பொருள் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. லீவு விண்ணப்பத்தில் காரணங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. சாவுக்கு இடம் இருக்கிறது, நோய்க்கு இடம் இருக்கிறது, வழக்கு விசாரணைக்குக்கூட இடம் இருக்கிறது. தங்கையின் கல்யாணத்தில் உட்கார்ந்து பெண்ணைக் கொடுப்பதற்கு இடம் இல்லை. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். "உன் தங்கை கல்யாணத்தில் நீ விருந்தாளிதானே, வீடியோவில் பார்க்கக்கூடாதா?" என்று அக்கறையோடு கேட்டார். நான் வலி என்பதை விளக்கப் போய், சட்டப்படியான காப்பாளர் என்று சொல்லிவைத்தேன். "ஓ, தங்கை சின்னப் பிள்ளையா?" என்று அவர் முகம் மாறிவிட்டது. இருபத்தாறு வயது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் தேநீர் இடைவேளை முடிந்துவிட்டது. கடைசியில் "மற்றவை" என்ற கட்டத்தில் குறி வைத்து வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து பத்து நாள் கொடுத்தார். அதற்கு முன் ஒரு மணி நேரம்கூட முடியாது, இன்னொரு பழுதுக்காரரும் லீவில் இருந்தார்.

மனைவிக்கு விடுமுறை இல்லை. ஆயிஷாவுக்குத் தேர்வு. "நீயும் வந்தா நல்லா இருக்கும்மா" என்றதற்கு, "உங்க ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது டாட்" என்றாள். உங்க ஊர். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

4

விமானங்கள் எல்லாம் சொன்ன நேரத்துக்குப் பறந்தன. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் எல்லாவற்றுக்கும் குறைப்படுகிறவன் என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு நாற்பதுக்குக் கோயம்புத்தூரில் இறங்கினேன். ஆள் வந்தேன், பெட்டி வரவில்லை. கல்யாண உடுப்பு, ஷமீமாவுக்கு வாங்கிய சாமான்கள் எல்லாம் அதில்தான். புகார்ப் படிவம் நீட்டினார்கள். பெட்டியின் நிறம்? கறுப்பு. அளவு? பெரியது. அடையாளம்? உலகத்தில் பாதிப் பெட்டிகள் கறுப்பாகவும் பெரியதாகவும் இருக்கின்றன, அதிலொன்று என்று எழுத நினைத்து எழுதவில்லை. நாற்பது நிமிடம் அதில் போனது.

எங்கள் பக்கத்துக் கார்கள் எல்லாம் கல்யாண ஆட்களை ஏற்றப் போயிருந்தன. நான் வாடகைக் கார் எடுத்தேன். ஓட்டுநர் செந்தில், கோயம்புத்தூர்க்காரர். ஏறியதும் முதல் கேள்வி:

"ஏனுங்க சார், இ-பாஸ் எடுத்துட்டீங்களா?"

"எதுக்கு?"

"மலைக்கு மேல போறதுக்குங்க. வெளியூர் வண்டின்னா கட்டாயங்க. கல்லாறுல பாத்துட்டுத்தான் உடுவாங்க."

"நான் ஊட்டிக்காரன்ங்க."

"நீங்க ஊட்டிங்க. வண்டி கோயமுத்தூருங்களே."

நியாயமான பதில். வண்டியை ஓரம் கட்டி அவருடைய போனிலேயே விண்ணப்பித்தார். என் ஊர் போன் எண் உயிரை விட்டுப் பல வருடமாகிறது. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே சுற்றுலா என்று போட்டுவிட்டார். நான் திருத்தச் சொன்னேன். "எதப் போட்டா என்னங்க, பாஸ் வந்துருச்சு பாருங்க" என்று காட்டினார். என் பெயருக்கு நேராகச் சுற்றுலா. எந்த மார்க்கெட் கடையில் உட்கார்ந்து சுற்றுலாக்காரர்களுக்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் விற்று வளர்ந்தேனோ, அந்த ஊருக்கு நான் சுற்றுலா போகிறேன். வாதாட நேரமில்லை, மணி ஒன்பதை நெருங்கிவிட்டது.

5

மேட்டுப்பாளையம் தாண்டவே பத்தேகால். கல்லாறில் பாஸ் காட்ட நின்ற வரிசையில் இன்னொரு அரை மணி. பர்லியாறு தாண்டி நாலு வளைவு ஏறினோம். அதோடு எல்லாம் நின்றது. மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் சுற்றுலா பஸ் ஒன்று திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறதாம். முன்னாலும் கார், பின்னாலும் கார். குடும்பங்கள் இறங்கி நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒரு குரங்கு எங்கள் காரின் மேல் உட்கார்ந்து யாரோ கொடுத்த சிப்ஸைத் தின்றது.

பதினொன்றரை ஆனது. சாச்சா அழைத்தார்.

"எங்கப்பா இருக்கே?"

"பர்லியாறு தாண்டிட்டேன் சாச்சா."

"பர்லியாறா?" அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. "இன்னிக்கு சீசன் ஞாயித்துக்கெழமைன்னு தெரியாதாப்பா உனக்கு? நேத்து ராத்திரியே மேட்டுப்பாளையம் சொந்தக்காரங்கள வரவழைச்சு இங்க தங்க வெச்சிட்டேன். உனக்கு ஒருத்தனுக்குத்தான் சொல்லாம உட்டுட்டேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

செந்திலிடம் கேட்டேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று. "கல்லாறு தாண்டிட்டா நம்ம கையில இல்லீங்க சார்" என்று என்ஜினை அணைத்துவிட்டார். காரை விட்டு இறங்கி நடக்கலாமா என்றுகூட யோசித்தேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். யோசனைக்கும் ஒரு அளவு இருக்கிறது.

பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி அழைப்பு. இந்தத் தடவை சாச்சாவின் குரல் தணிந்திருந்தது. நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத்துக்கு இரண்டு மணிக்கு இன்னொரு நிக்காஹ் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும். வலியாக இருப்பவர் தன் பொறுப்பை போனில் வேறொருவருக்கு ஒப்படைக்க மார்க்கத்தில் இடம் இருக்கிறது, அப்படிச் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

"அரை மணி நேரம் பொறுங்க சாச்சா."

"அரை மணி நேரத்துல வந்துருவியா? நெசமாச் சொல்லு."

முன்னால் பார்த்தேன். எந்தக் காரும் அசையவில்லை. "ஹஜ்ரத்துக்கிட்ட போனைக் குடுங்க சாச்சா" என்றேன்.

ஹஜ்ரத் பேசினார். என் தங்கை ஷமீமாவை நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பை என் சாச்சாவிடம் ஒப்படைக்கிறேன் என்று சாட்சிகள் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கினான். "கேக்கலீங்க, இன்னொரு தடவை" என்றார். சொன்னேன். பக்கத்துக் காரில் சினிமாப் பாட்டு அலறியது. மூன்றாவது தடவை, சாலையோரத் தடுப்புச் சுவரில் ஏறி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்திச் சொன்னேன். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது.

போனைப் பெண்கள் பக்கம் கொண்டுபோய் ஷமீமாவிடம் கொடுத்தார்கள் போல. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

"இதக் கனடாவுல இருந்தே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள்.

அழைப்பு துண்டானது. சுவரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தாவை அடக்கிய அன்று வராத ஆத்திரம் அப்போது வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். லீவுப் படிவத்தின் மேல், பஸ் மேல், குரங்கின் மேல், எல்லாவற்றையும்விட எண்பத்தாறு கிலோமீட்டர்தானே என்று தெனாவெட்டாக நினைத்த என் மேல். செந்தில் இறங்கி வந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார். "தங்கச்சிங்களா?" என்று மட்டும் கேட்டார்.

6

பஸ்ஸை ஒருவழியாக நகர்த்தி, குன்னூர் தாண்டும்போது இரண்டரை. சீசனில் எங்கள் மலை ஒருவழிப் பாதை. ஏறுகிறவர்கள் குன்னூர் வழி, இறங்குகிறவர்கள் கோத்தகிரி வழி. நான் இந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஷமீமா அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருப்பாள், வழியில் எதிரே பார்த்துக் கையாட்டக்கூட வாய்ப்பில்லை. அதை நினைத்துக்கொண்டே, யாரையும் அழைக்காமல், லவ்டேல் பிரிவைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தேன்.

வீட்டை அடைந்தபோது மூன்றே முக்கால். வாசலில் பூ சுற்றிய கார் நின்றுகொண்டிருந்தது.

சாச்சா வெளியே நடைபோட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரு கனடாக்காரரு" என்று பொதுவாக அறிவித்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சீறினார். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வேன்ல முன்னாடியே போயிட்டாங்க. இந்தப் புள்ள வண்டியில ஏற மாட்டேங்குது. ஒண்ணே முக்கால் மணி நேரமா மாப்பிள்ளை சோபாவுல உக்காந்திருக்காரு. ஆறு டீ குடிச்சாச்சு. நீயே உள்ள போயி என்னன்னு கேளு!"

உள்ளே போனேன். விமானத்தில் கசங்கிய டீ-ஷர்ட், கழுவாத முகம். ஷமீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். என் பின்னால் வந்த சாச்சாவைத்தான் பார்த்துப் பேசினாள்.

"வாயால குடுக்கறத நீங்க குடுத்துட்டீங்க சாச்சா. கையெழுத்தும் போட்டுட்டேன். கையப் புடிச்சுக் குடுக்கறது எங்கண்ணன்தான். அதுக்கு போன் பத்தாது."

பெண் புறப்படும்போது அவள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மார்க்கத்தில் அது கட்டாயமில்லை என்று ஹஜ்ரத்தே சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அது நடக்காமல் படி இறங்க மாட்டேன் என்று இவள் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை இர்ஃபான் எழுந்து நின்றார். அவரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். ஷமீமாவின் கையைப் பிடித்தேன். மருதாணி காய்ந்து சிவந்திருந்தது, விரல்கள் ஜில்லென்று இருந்தன. இந்த நேரத்தில் சொல்வதற்காக விமானத்தில் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் மனப்பாடம் செய்துவைத்த வார்த்தைகள் இருந்தன. அத்தாவின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கும் நல்ல வார்த்தைகள். ஒன்றுகூட வரவில்லை. அவள் கையை அவர் கையில் வைத்துவிட்டு நான் சொன்னது இதுதான்:

"கோத்தகிரி வழியாத்தான் எறங்க உடுவாங்க. செகண்ட் கியர்லயே போங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போகாதீங்க, சூடாயிரும். மேட்டுப்பாளையம் போனதும் போன் பண்ணுங்க."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாச்சா தலையில் அடித்துக்கொண்டார். ஷமீமாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு முகம் கோணியது. காலையிலிருந்து அழாதவள், என் கசங்கிய டீ-ஷர்ட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அத்தா இருந்தாலும் இதத்தாண்ணே சொல்லியிருப்பாரு" என்றாள்.

எனக்கும் தாங்கவில்லை. ஆனால் வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

"நேரமாகுது, ஏறு" என்றேன்.